தகட்டில் வெட்டிய ட்ரிகர் வீல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கார்புரேட்டர் காலத்து வண்டியை எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றும்போது கடையில் எளிதில் கிடைக்காத உருப்படி ட்ரிகர் வீல்தான், அதாவது க்ராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சென்சார் மூலம் காட்டும் பல் சக்கரம். பழைய பத்மினியின் புல்லிக்கோ, கார்புரேட்டர் இருந்த மாருதி 800-இன் புல்லிக்கோ பொருந்தும் பல் சக்கரத்தை நாமே அளவெடுத்து, வரைந்து, இரும்புத் தகட்டில் வெட்டி, லேத்தில் நடுத்துளை பிடித்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. அப்படிப் பொருத்திய வண்டி மதுரையில் என் பட்டறைக்குக் கோளாறு என்று வரும்போது, வண்டிக்காரர் பெரும்பாலும் இ.சி.யு.வை, அதாவது இன்ஜெக்‌ஷனையும் இக்னிஷனையும் நடத்தும் எலெக்ட்ரானிக் பெட்டியை, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறார். இ.சி.யு.வில் குற்றம் இருந்த வண்டிகளை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி, சக்கரத்தின் ஆட்டம், தகட்டில் தங்கிப்போன காந்தம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப அகப்படுகிறது. அதனால் இந்த வழிமுறை செலவில்லாத சோதனையில் தொடங்கி, புதுச் சக்கரம் வெட்டுவதில் முடிகிறது.

கீழே வரும் அளவுகள் 150 மி.மீ. வெளிவிட்டமும் 36-1 பல் அமைப்பும் கொண்டு, க்ராங்க் புல்லியின் முகத்தில் அமர்ந்த சக்கரத்துக்கானவை. 36-1 என்பது 10 டிகிரிக்கு ஒரு பல் வீதம் 36 இடங்களும், அவற்றில் ஓரிடம் காலியாகவும் உள்ள அமைப்பு. எண்ணினால் 35 பற்கள் இருக்கும். 60-2 அமைப்பில் 6 டிகிரிக்கு ஒரு பல், அடுத்தடுத்து இரண்டு இடங்கள் காலி, எண்ணினால் 58.

ஃபீலர் கேஜ், காந்த அடிப்பாகம் உள்ள டயல் கேஜ், வெர்னியர், மல்டிமீட்டர், டைமிங் லைட், ஒரு சிறு காந்தம், ஒரு பிடி குண்டூசி, பல்லுக்குப் பல் ஆகும் நேரத்தைக் கம்பங்களாகத் திரையில் காட்டும் டூத் லாகர் வசதியுள்ள மென்பொருளோடு ஒரு லேப்டாப் ஆகியவை போதும். ஸ்பீடுயினோ, மெகாஸ்கொயர்ட் ஆகிய இ.சி.யு.க்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. செல்ஃப் அடித்துப் பார்க்கும் சோதனைகளில் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இரண்டின் கனெக்டர்களையும் கழற்றிவிட வேண்டும். கையால் சுற்றிப் பார்க்கும் சோதனைகளில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் ஸ்பேனரில் இன்ஜின் லேசாகச் சுழலும். இன்ஜின் ஓடும்போது இந்தச் சக்கரம் ஒரு வட்ட ரம்பம்தான். தோளில் துண்டு போட்டுக்கொண்டு அதன் மேல் குனிகிற பழக்கம் உள்ளவர்கள் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குக.

அறிகுறி 1: செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, திரையில் ஆர்.பி.எம். பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது

சோதனை இங்கே சென்சாரின் வகையைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது.

இரண்டு வயர் காயில் சென்சார் என்றால், கனெக்டரைக் கழற்றி இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளவைப் பார்க்க வேண்டும். சில நூறு ஓமிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஓம் வரை இருப்பது இயல்பு. பூஜ்ஜியம் காட்டினாலோ அளவே காட்டாவிட்டாலோ சென்சார் போய்விட்டது. அளவு சரியாக இருந்தால் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டாவது எழ வேண்டும். எழாவிட்டால் பேட்டரியைப் பாருங்கள், ஏனெனில் இந்த வகைச் சென்சார் தரும் வோல்ட், பல் கடந்து போகும் வேகத்தைப் பொறுத்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இன்ஜின் சோம்பிச் சுற்றும், சிக்னலும் எழாது.

மூன்று வயர் ஹால் சென்சார் என்றால், ஒரு வயரில் சப்ளை வருகிறதா, ஒன்று எர்த்தைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தபின், சிக்னல் வயரில் டி.சி. வோல்ட் வைத்து, சென்சாரின் முகத்துக்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுக்க வேண்டும். வோல்ட் மேலும் கீழும் தாவினால் சென்சார் நன்றாக இருக்கிறது. எப்போதும் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் சென்சாரைக் குப்பையில் போடுவதற்கு முன், சிக்னல் வயரையும் 5 வோல்ட்டையும் இணைக்கும் 1,000 ஓம் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தேடுக. இந்த வகைச் சென்சார்களில் பெரும்பாலானவை சிக்னல் வயரை எர்த்துக்கு இழுக்க மட்டுமே தெரிந்தவை. மேலே தூக்கிவிட ஒரு ரெசிஸ்டர் வேண்டும். இடையில் ஓர் எச்சரிக்கை: மூன்றாவது வயர் வெறும் ஷீல்டாக இருக்கும் காயில் சென்சார்களும் உண்டு, ஆகவே வயர் எண்ணிக்கையை மட்டும் நம்பி 12 வோல்ட் கொடுத்துவிட வேண்டாம், ஓம் பார்த்தபின் கொடுக்கலாம்.

சென்சார் நல்லது என்று தெரிந்தபின் இடைவெளி. பல்லின் உச்சிக்கும் சென்சார் முகத்துக்கும் நடுவில் 0.8 மி.மீ. தகடு சிக்கலில்லாமல் போய், 1 மி.மீ. தகடு லேசாக உரச வேண்டும். ஒரு பல்லில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒரு முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். பெயிண்ட் அல்லது பவுடர் கோட்டிங் அடித்த சக்கரத்தில் ஃபீலர் கேஜ் காட்டுவது பூச்சுக்கு மேலான அளவு. சென்சார் உணர்வது அதற்கு அடியில் இருக்கும் இரும்பை.

இடைவெளியும் சரி என்றால் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பல்லில் ஒட்டிப் பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. திருமங்கலத்துப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டியில் சக்கரம் கண்ணாடி போல மின்னியது. துருப்பிடிக்கக் கூடாது என்ற அக்கறையில், படிக்கட்டுக் கைப்பிடி வேலையில் மிஞ்சிய எவர்சில்வர் தகட்டில் வெட்டியிருந்தார்கள்; பற்களின் பிரிவும் நடுத்துளையும் குறை சொல்ல முடியாத வேலை. காந்தம் அதில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. 304 வகை எவர்சில்வரைக் காந்தம் பிடிக்காது, காந்தம் பிடிக்காத பல்லைச் சென்சாரும் பார்க்காது. அந்த வண்டிக்கு அதற்குள் இரண்டு சென்சார்கள் மாற்றியிருந்தார்கள்.

காந்தம் நன்றாக ஒட்டியும் சிக்னல் மெலிந்தே இருந்தால், தகட்டின் தடிமனையும் பல்லின் உயரத்தையும் அளக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் குறைந்த தகடு, 3 மி.மீ.க்குக் குறைந்த பல் உயரம், இரண்டுமே காயில் சென்சாருக்குப் போதாது. ஹால் சென்சார் இதைவிட உயரமான பல்லையும் அகலமான பள்ளத்தையும் கேட்கக்கூடும். அதன் அளவுத் தாளில் உள்ளபடி செய்ய வேண்டும். இது சக்கரத்தை மாற்றும் இடம்; கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி 2: ஆர்.பி.எம். தெரிகிறது, ஆனால் துள்ளுகிறது. சிங்க் பிடிக்கவில்லை (இ.சி.யு.வால் காலியிடத்தைக் கண்டு க்ராங்கின் நிலையை அறிய முடியவில்லை), பேக் ஃபயர் அடிக்கிறது

ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டுச் சுற்றி எண்ணி, மென்பொருளில் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் முதல் வேலை. 35 பல்லை எண்ணிவிட்டு 35-1 என்று கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் பொருத்திய சக்கரம் க்ராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் என்பதால், அதை க்ராங்க் சக்கரம் என்று பதிந்திருந்தாலும் இதே துள்ளல்தான் வரும்.

எண்ணிக்கை சரியாக இருந்து, சென்சார் காயில் வகையாகவும் இருந்தால், அதன் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வயர் தலைகீழாக இருந்தால் சிக்னல் பல்லின் நடுவில் கடக்க வேண்டிய பூஜ்ஜியத்தைப் பள்ளத்தின் நடுவில் கடக்கிறது. காலியிடத்தில் அந்தப் பள்ளம் நீண்டுவிடுவதால் இ.சி.யு. தடுமாறுகிறது. ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

அடுத்து டூத் லாகரைத் திறந்து செல்ஃப் அடிக்க வேண்டும். 36-1 சக்கரத்தில் ஒரே உயரமுள்ள கம்பங்களுக்கு நடுவே, சுற்றுக்கு ஒருமுறை, இரண்டு மடங்கு உயரமுள்ள ஒரு கம்பம் தெரிய வேண்டும். 60-2-இல் மூன்று மடங்கு. சின்னக் கம்பங்கள் அலை போல மெல்ல ஏறி இறங்குவது பிஸ்டன் கம்ப்ரெஷனில் திணறுவதால் வருவது, அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். இனிக் கிளை மூன்றாகப் பிரிகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு கம்பம் கோணலாக இருந்தால், அந்தப் பல்லில் குற்றம். லேசர் கதிர் தகட்டைத் துளைத்து உள்ளே நுழைந்த இடம் பல்லின் உச்சியில் அமைந்திருந்தால் அங்கே ஓர் அரிசி முனை அளவுக்குப் பிசிறு நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே தெரியும். நுண்ணரத்தால் நீக்கிவிடலாம், பல்லின் பக்கவாட்டு விளிம்பை மட்டும் தொட வேண்டாம்.

பெரிய கம்பம் நடுவில் உடைந்து, சில சுற்றுகளில் தெரிந்தும் சில சுற்றுகளில் தெரியாமலும் இருந்தால், காலியிடத்தைப் பாருங்கள். 36 பல்லையும் வெட்டிவிட்டு ஒன்றைக் கிரைண்டரால் அறுத்தெடுக்கும்போது, மற்றப் பள்ளங்களின் ஆழம் வரை போகாமல் இரண்டு மி.மீ. கட்டை மிஞ்சிவிடுகிறது. மெதுவான வேகத்தில் சென்சார் அதைக் கண்டுகொள்ளாது, வேகம் கூடும்போது பல்லாக எண்ணிவிடும். பள்ளத்தின் அடிமட்டத்துக்கு அதை இறக்கிவிட்டால் தீர்ந்தது.

எந்தக் குறிப்பிட்ட இடமும் இல்லாமல், அல்லது சுற்றில் ஒரு பாதி முழுவதும் கெட்டிருந்தால், குண்டூசியை எடுக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஊசிகளை வைத்துப் பார்த்தால், காந்தம் ஏறிய பகுதியில் அவை ஒட்டிக்கொண்டு சிலிர்த்து நிற்கும். முகத்தைச் சமமாக்க சர்ஃபேஸ் கிரைண்டரின் காந்த மேசையில் வைத்துத் தேய்த்த சக்கரங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். தேய்த்துக் கொடுத்தவரிடம் போனில் சொன்னபோது, “பல்லு பூராம் சரியாத்தேன் இருக்குண்ணே” என்றார். அவர் சொன்னது உண்மை, பற்கள் சரியாகத்தான் இருந்தன. கிரைண்டிங் பட்டறைகளில் காந்தம் நீக்கும் கருவி இருக்கும். அதன் மேல் சக்கரத்தைச் சுழற்றியபடி வைத்து, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஒரு கை நீளத்துக்கு விலக்கியபின் சுவிட்சை அணைக்க வேண்டும். மேலே வைத்திருக்கும்போதே அணைத்தால் காந்தம் மறுபடியும் தங்கிவிடும்.

இவை எதுவும் இல்லை என்றால் மிஞ்சுவது பல் பிரிவில் பிழை, அதாவது செலவு பிடிக்கும் காரணம். அதை உறுதிசெய்ய அறுபது டிகிரி நாண் கைகொடுக்கிறது. வட்டத்தில் 60 டிகிரியைத் தாங்கும் நாணின் நீளம் ஆரத்துக்குச் சமம். ஆகவே ஒரு பல்லின் இடது விளிம்பின் உச்சியிலிருந்து ஆறாவதாக வரும் பல்லின் இடது விளிம்பு உச்சிவரை வெர்னியரில் அளந்தால், 150 மி.மீ. சக்கரத்தில் 75 மி.மீ. வர வேண்டும். அடுத்தடுத்த இரு பற்களுக்கு இது 13.07 மி.மீ. ஆறு பல் தாண்டி அளப்பதில் ஒரு வசதி, சிறு பிழைகள் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிடும். ஓரிடத்தில் 75.0, இன்னோரிடத்தில் 76.1 என்று வந்தால் பிரிவு ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்டத் தவறியிருக்கிறது.

லேசரில் வெட்டியதில் இந்தப் பிழை அநேகமாக வராது. மில்லிங் மெஷினில், வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் வைத்து வெட்டியதில் வரும். 40-க்கு 1 விகிதமுள்ள ஹெட்டில் 36 பிரிவுக்குக் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும், 18 துளை வட்டத்தில் மேலும் 2 துளையும் நகர்த்த வேண்டும். ஒருமுறை துளை எண்ணுவதில் தவறினாலும், கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்து வைத்தாலும், அந்தப் பல்லிலிருந்து எல்லாமே நகர்ந்துபோய்க் கடைசிப் பல் ஒல்லியாகிவிடும். அரத்தால் திருத்திக் காப்பாற்ற முயல வேண்டாம். அதை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி 3: ஐடிலில் ஒழுங்காக ஓடுகிறது, 3,000, 4,000-க்கு மேல் மிஸ்ஸிங் அடிக்கிறது, சிங்க் இழப்பு என்று பதிவாகிறது

மிக அதிகமாக வரும் கோளாறும், மிக அதிகமாகப் பணம் வீணாகும் கோளாறும் இதுதான். ஆகவே வரிசை மாறாமல் போக வேண்டும்.

வயரிலிருந்து தொடங்கலாம். சென்சார் வயர் ஷீல்டு போட்டதாக இருந்து, ஷீல்டு இ.சி.யு. பக்கம் மட்டுமே எர்த் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தால் ஷீல்டிலேயே மின்சாரம் ஓடி இரைச்சலைக் கொண்டுவரும். ஸ்பார்க் பிளக் வயரோடும் ஆல்டர்னேட்டர் வயரோடும் ஒரே டேப்பில் சுற்றியிருந்தால் பிரிக்க வேண்டும். பிளக் ரெசிஸ்டர் வகையா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் சாதாரணப் பிளக்கும் செம்புக் கம்பி வயருமே இருக்கும், அவை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போதும், எலெக்ட்ரானிக்ஸுக்குப் பகை.

அடுத்து சென்சாரைத் தாங்கும் பிராக்கெட். டயல் கேஜைச் சென்சாரின் உடலில் வைத்துவிட்டு, பெருவிரலால் பிராக்கெட்டை நன்றாக அழுத்துங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்தப் பிராக்கெட் அதிரத்தான் செய்யும். மெல்லிய பட்டையை வளைத்து ஒரே போல்ட்டில் தொங்கவிட்ட பிராக்கெட்டுகள் அநேகமாக எல்லாமே இந்தச் சோதனையில் தோற்கின்றன. 6 மி.மீ. தகட்டில், இரண்டு போல்ட்டில், இன்ஜின் பிளாக்கையே பிடித்து நிற்கும்படி செய்ய வேண்டும். பாடியிலோ சேசிஸிலோ பிடித்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் அசையும்போதெல்லாம் இடைவெளியும் அசையும்.

பிராக்கெட் உறுதியாக இருந்தால் சக்கரத்தின் ஆட்டம். பற்களின் உச்சியில் டயல் கேஜை ஓட்டும்போது சாதாரணக் கூர் முனை பள்ளத்தில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 6.5 மி.மீ. என்பதால் அதைவிட அகலமான தட்டை முனை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பல்லுக்கும் முனையைக் கையால் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். ஒரு சுற்றில் முள்ளின் மொத்த நகர்வு 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 0.4 என்றால் 0.8-க்கு வைத்த இடைவெளி ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் 1.0 ஆகிறது; ஒரு சுற்றுக்குள்ளேயே சிக்னல் பெருத்தும் சிறுத்தும் வரும், இரைச்சல் சிறுத்த பக்கத்தில் நுழையும்.

ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் லேத்துக்கு ஓடிவிட வேண்டாம். ஆடுவது சக்கரமா புல்லியா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். முள் அதிகம் ஏறிய இடத்தைச் சக்கரத்திலும் புல்லியிலும் மார்க்கரால் குறித்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றி, ஒரு போல்ட் துளை தள்ளிப் பொருத்தி மறுபடியும் அளக்க வேண்டும். மேடு சக்கரத்தின் குறியோடு சேர்ந்து நகர்ந்தால் சக்கரத்தில் குற்றம். புல்லியின் குறியிலேயே தங்கிவிட்டால் புல்லியிலோ க்ராங்கின் மூக்கிலோ குற்றம். பல முறை இரண்டுமே இல்லாமல் மேடு புது இடத்துக்குத் தாவுகிறது. சக்கரத்துக்கு நடுவில் அமர இருக்கை இல்லாமல், போல்ட் துளைகளின் தளர்ச்சியிலேயே அது நடுவைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இருக்கை இல்லாததுதான் காரணம் என்றால், புல்லியின் முகத்தில் இரண்டு மூன்று மி.மீ. உயரத்துக்கு ஒரு வட்டப் படியைக் கடைந்து, சக்கரத்தின் நடுத்துளையை அதற்கு 0.05 மி.மீ.க்கு மேல் தளராதபடி பிடிக்க வேண்டும். போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும். நடுவைக் காட்டுவது படியின் வேலை. சக்கரத்தின் வெளிவிட்டம் சிறிது கோணல் என்றால், சக்கரத்தைப் புல்லியிலேயே பூட்டி, புல்லியின் நடுத்துளையை ஆதாரமாகக் கொண்டு லேத்தில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்தால் போதும். பற்களில் விட்டுவிட்டு வெட்டுவதால் டூல் தட்டும்; அவசரமில்லாத டர்னரிடம் கொடுக்க வேண்டும். திரும்ப மாட்டியதும் இடைவெளியைப் புதிதாக வைக்க மறக்கக் கூடாது.

ஆட்டமும் இல்லை என்றால் இன்னும் இரண்டு இருக்கின்றன. காயில் சென்சாரின் வோல்ட் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும்; உயர்ந்த வேகத்தில் அது சிக்னலைச் சீராக்கி இ.சி.யு.வுக்குத் தரும் கண்டிஷனர் சர்க்யூட்டைத் திணறடித்தால், சிக்னல் வயரில் 10,000 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதன்பின் செல்ஃப் அடிக்கும்போது சிங்க் பிடிக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மற்றொன்று, சிறிய சக்கரத்தில் நிறையப் பற்கள். 120 மி.மீ. விட்டத்தில் 60-2 வெட்டினால் பல்லின் அகலம் 3 மி.மீ. சொச்சம்தான் வரும், தடித்த முனையுள்ள சென்சார் பல்லையும் பள்ளத்தையும் சேர்த்தே பார்க்கும். அதே விட்டத்தில் 36-1 போதும். 6,000 ஆர்.பி.எம்.மில் 36 பல் இடங்கள் நொடிக்கு 3,600 முறை கடக்கின்றன. பழைய வண்டியின் டைமிங்குக்கு அதற்கு மேல் நுணுக்கம் தேவைப்படுவதை நான் கண்டதில்லை.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம் இது: புல்லியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது டயல் கேஜ் 0.3 மி.மீ.க்கு மேல் காட்டினாலோ, மேலும் கீழும் அசைந்தாலோ, கோளாறு க்ராங்க் பேரிங்கில் இருக்கிறது. இன்ஜின் இறக்கி வேலை செய்பவரிடம் போக வேண்டும்; அதற்கு முன் புதுச் சக்கரம் வெட்டுவது வீண்.

அறிகுறி 4: டைமிங் லைட்டில் புல்லிக் குறி ஒரே இடத்தில் நிற்பதில்லை

இ.சி.யு.வில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டுத்தான் லைட் அடிக்க வேண்டும்.

குறி நிலையாக நின்று, ஆனால் தவறான இடத்தில் நின்றால், சக்கரத்தைத் தொட வேண்டாம். மென்பொருளில் ட்ரிகர் கோணத்தை மாற்றினால் போதும். காலியிடம் டி.டி.சி.யில்தான் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) சென்சாருக்கு நேராக வர வேண்டும் என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றித் திருப்புகிறவர்கள் உண்டு. அந்தத் தேவை இல்லை, டி.டி.சி.க்கு அருகில் செல்ஃபின் வேகம் அதிகமாக ஏறி இறங்குவதால், காலியிடம் அங்கே வராமல் இருப்பதே நல்லது. ஃபோர்டு தன் நான்கு சிலிண்டர் 36-1 அமைப்பில் அதை டி.டி.சி.க்கு 90 டிகிரி முன்னால்தான் வைத்தது. ஆனால் புல்லியில் உள்ள டி.டி.சி. குறியே உண்மையா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்: பிளக் துளையில் பிஸ்டன் முட்டி நிற்கும்படி ஒரு தடுப்பை முடுக்கி, கையால் இரு திசையிலும் முட்டும்வரை சுற்றி, இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியை எடுத்தால் அதுவே டி.டி.சி.

வேகம் கூடக் கூடக் குறி ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்தால், காயில் சென்சாரின் வயர் தலைகீழாக இருக்கிறது, அல்லது ஹால் சென்சாருக்கு விளிம்பு தவறாகத் தேர்ந்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் சர்க்யூட்டின் தாமதத்துக்கான திருத்தத்தை மென்பொருளில் கொடுக்க வேண்டும். அட்வான்ஸைக் குமிழால் திருப்பிப் பார்க்கும் வகை டைமிங் லைட், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி தரும் வேஸ்ட் ஸ்பார்க் காயிலில் இரு மடங்கு காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் இராது.

நேற்றுவரை சரியாக இருந்து இன்று பல டிகிரி தாவி, தாவிய இடத்திலேயே நின்றால், ஏதோ ஒன்று வழுக்கியிருக்கிறது. சக்கரம் திரும்பாமல் பிடிக்கும் டாவல் பின் அதில் இல்லாவிட்டால் முதல் சந்தேகம் அங்கே. இரண்டாவது, பலர் நினைத்தும் பார்க்காத இடம்: நடுவில் ரப்பர் வளையம் உள்ள டேம்பர் புல்லி. வெளி வளையம் ரப்பரின் மேல் சிறிது சிறிதாகச் சுழன்றுவிடும், அதில் பூட்டிய சக்கரமும் கூடவே போகும். உள் மையம், ரப்பர், வெளி வளையம் மூன்றையும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரே கோடாகக் கோடிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் புல்லியை மாற்றிவிட்டு, சக்கரத்தை உள் மையத்தில் பூட்ட வேண்டும்.

அறிகுறி 5: சூடானதும் நின்றுவிடுகிறது; ஆறினால் ஓடுகிறது

இது சக்கரத்தின் குற்றமாக அநேகமாக இராது. சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி சிக்னலில் நின்று ஏ.சி.யும் ஓடும்போது வரும் கோளாறு இது. நின்றவுடனேயே, ஆறவிடாமல், காயில் சென்சாரின் ஓமை அளக்க வேண்டும். குளிர்ந்திருந்தபோது இருந்ததைவிடச் சிறிது ஏறியிருப்பது இயல்பு, அளவே காட்டாவிட்டால் உள்ளே கம்பி விட்டுப்போகிறது. ஹால் என்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி ஸ்க்ரூடிரைவர் சோதனையைச் செய்யலாம். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வயர் போனால் உறை இளகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி 6: உரசும் சத்தம், சென்சார் முகத்தில் கீறல், பல்லடியில் விரிசல்

சென்சார் முகத்தின் கீறலைவிடப் பற்களின் உச்சியைப் பார்ப்பது பயன் தரும். எல்லாப் பல்லிலும் உரசல் என்றால் இடைவெளி குறைவு. மூன்று நான்கு பற்களில் மட்டும் என்றால் ஆட்டம், அறிகுறி 3-க்குப் போகலாம். பல்லின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த வண்டியை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். வெல்டிங் வைக்கக் கூடாது. சக்கரம் வளையும், தெறிக்கும் பல் ரேடியேட்டரையும் தாண்டிப் போகும்.

சக்கரத்தையே மாற்றுவதென்று முடிவானால்

மேலே கண்ட குற்றங்களில் பாதி, வெட்டக் கொடுத்த தாளில் எழுதாமல் விட்ட வரிகளால் வருபவை. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கோ, கே.புதூர் பக்கமோ, கோயம்புத்தூருக்கோ, எங்கே கொடுத்தாலும் “36 பல், ஒண்ணு இல்லாம” என்று வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. தாளில் இவை இருக்க வேண்டும்: ஐ.எஸ். 2062 மைல்டு ஸ்டீல், 5 மி.மீ. தடிமன், வெளிவிட்டம் 150, பல்லும் பள்ளமும் சம அகலம், பல் உயரம் 6, காலியிடம் மற்றப் பள்ளங்களின் ஆழத்துக்கே வெட்டப்பட வேண்டும், லேசர் நுழையும் புள்ளி நடுத்துளையின் உள்பக்கத்திலும், வெளிக்கோட்டுக்குப் பள்ளத்தின் அடியிலும் இருக்க வேண்டும், பல் உச்சியில் கூடாது. நடுத்துளையை லேசரில் 1 மி.மீ. சிறிதாக வெட்டச் சொல்லி, புல்லியின் படிக்குப் பொருந்தும் கடைசி அளவை லேத்தில் பிடிப்பதே என் வழக்கம். கேஸ் கட்டிங்கும் பிளாஸ்மாவும் வேண்டாம். விளிம்பு சரிந்து, அடியில் கசடு ஒட்டி நிற்கும். முகத்தைத் தேய்க்க வேண்டுமென்றால் காந்தம் நீக்கித் தருமாறும் அதே தாளில் எழுத வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே, கூலி கொடுப்பதற்கு முன், காந்தம் ஒட்டுகிறதா, குண்டூசி ஒட்டாமல் இருக்கிறதா, ஆறு பல் தாண்டி மூன்று இடங்களில் 75 மி.மீ. வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான மேசையில் சக்கரத்தைப் படுக்கவைத்து அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் தகடு எங்காவது நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். நுழைந்தால், வெட்டிய சூட்டில் தகடு வளைந்திருக்கிறது, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.